பீரோவின் கீழ்த்தட்டு: ஒரு வீட்டுப் பரிசுக் கையிருப்பின் கதை

2023 தை மாதம். முன்பு எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்த அக்கா, இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். என்ன கொடுப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டில் முந்தின நாள் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்தது. கடையெல்லாம் சாத்தியிருப்பார்கள். பரணில் ஏறி, அட்டைப்பெட்டியோடு இருந்த ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். புத்தம் புதிது, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே என்று அரைக் கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை உள்ளே வைத்தேன். தீபாவளிக்கு வந்த ஏதோ பரிசிலிருந்து கிழியாமல் பிரித்து வைத்திருந்த தாளில் சுற்றினேன். காலையில் கொடுத்துவிட்டு, பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தார். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "ஆமா, உங்க கிரகப்பிரவேசம் 2016 ஜூன்லயா நடந்துச்சு? நான் என்னமோ 2017னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். எதற்கு இதைக் கேட்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டப்பாவின் அடியில் பேர் வெட்டியிருக்கிறது. என் கணவரின் ஒன்றுவிட்ட சித்தப்பா பெயர், 'அன்பளிப்பு' என்ற சொல், அப்புறம் எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத் தேதி: 12.6.2016.

பாத்திரக்கடையில் பில் போட்டதும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேர் வெட்டிய பாத்திரம் கைமாறாது. மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த போனுக்குப் பிறகு இரண்டரை ஆண்டுகளில், வீட்டில் பரிசுப் பொருள்களையும் சுற்றும் தாள், நாடா வகையறாக்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவர என்னவெல்லாம் செய்தோம், அதில் எது நின்றது, எது இரண்டே வாரத்தில் கவிழ்ந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஊரார் ஸ்டாக்கையெல்லாம் சரிபார்த்துவிட்டு என் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணிப் பார்த்தபோது

வீடு குரோம்பேட்டையில். இரண்டு படுக்கையறை. நான், கணவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். மாமியார் கோவில்பட்டிப் பக்கம். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

2023 ஆடியில் ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி ஹாலில் பரப்பினோம். பொருள்கள் நான்கு இடங்களில் இருந்தன: ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டு, பரண், கட்டிலுக்கடியில் ஒரு டிராவல் பேக், அத்தையின் டிரங்குப் பெட்டி. மொத்தம் 120 உருப்படி. அதில் சரிபாதிக்கு மேல், அதாவது 61, ஜாக்கெட் பிட். மீதியில் எவர்சில்வர் டப்பா 19, பிள்ளையார் 7, சட்டைத் துணி 6, போட்டோ ஃபிரேம் 5, சுவர்க் கடிகாரம் 4. மற்றதெல்லாம் ஹாட்பாக்ஸ், கண்ணாடி டம்ளர் செட், குழந்தை உடுப்பு, பொம்மை, சென்ட், வாசனை மெழுகுவர்த்தி. ஏழு பிள்ளையாரில் மூன்று ஒரே அச்சு. புதுவீடு கட்டுகிறவனுக்கு நேரம் தெரியாமல் போய்விடக் கூடாதென்று ஊரே கடிகாரம் வாங்கி வரும்போல.

ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, இதை ஒருவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டோம். 19 டப்பாவில் 11-இல் பேர் வெட்டியிருந்தது. அவை அன்றைக்கே சமையலறைக்குப் போயின. 23 ஜாக்கெட் பிட்டில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துக் கோடாகியிருந்தது. சில 80 சென்டிமீட்டர்கூட இல்லை. கை வைத்த ரவிக்கை தைக்க அது போதாது என்று எந்த டெய்லரும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மெழுகுவர்த்தி இரண்டு கோடைகளைப் பரணில் கழித்ததில் உருகிப் பெட்டியோடு பெட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு கடிகாரத்தில் கூடவே போட்டுக் கொடுத்திருந்த பேட்டரி கசிந்து, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பொம்மைகள் நான்கு. ஒன்றில் அதே பேட்டரிக் கசிவு. இரண்டில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். அதற்கு முன் ஏதோ பொருட்காட்சியில் வாங்கியவை இவை. சாயம் எப்படிப்பட்டதோ, வாயில் வைக்கும் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது?

கழித்துக்கட்டியது போக 71 மிஞ்சியது. அப்புறம் வேறொரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். இதில் எதை நான் மனசாரக் கொடுப்பேன்? ஒன்பது. நான்கு இடத்தை அடைத்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் பொருளைச் சேர்த்து வைத்திருந்தும், அவசரத்துக்குக் கைநீட்டி எடுத்துச் சந்தோஷமாகக் கொடுக்கக்கூடியது ஒன்பதே ஒன்பது.

குழந்தை உடுப்பு ஐந்து செட் இருந்ததே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாத்தனாருக்குப் பிரசவ நேரம். பிறந்த குழந்தைக்கு இதைக் கொடுத்துவிடலாம் என்று ஒன்றை எடுத்து முகர்ந்த மகள், "பாத்ரூம் வாசனை அடிக்குதும்மா" என்றாள். பாச்சை உருண்டை. பூச்சி வரக்கூடாதென்று நான்தான் நாலைந்து போட்டு வைத்திருந்தேன். இது வெறும் வாசனைப் பிரச்சினை இல்லை. பாச்சை உருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு, அது ஏறிய துணியைப் போட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை முற்றிவிடலாம். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. ஐந்து செட்டும் யாருக்கும் போகவில்லை. இப்போது எங்கள் வீட்டில் பாச்சை உருண்டையே கிடையாது.

டிரங்குப் பெட்டி

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று முதலில் கழித்துக்கட்ட நினைத்தது அத்தையின் டிரங்குப் பெட்டியைத்தான். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, அவர் கல்யாணத்துக்கு வந்தது. மற்ற மூன்று இடத்தையும் காலி செய்துவிட்டுக் கடைசியில் அதைத் திறந்தேன்.

உள்ளே பழைய வேட்டித் துண்டு விரித்து, அதன்மேல் ஜாக்கெட் பிட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊக்கு. ஊக்கில் காலண்டர் தாளைக் கிழித்து மடித்த துண்டுச் சீட்டு. சீட்டில் பென்சில் எழுத்து. யார் கொடுத்தது, எந்த நவராத்திரி, எந்த வளைகாப்பு. சிலவற்றில் இன்னொரு வரியும் இருந்தது: 'இவள் மகள் கல்யாணத்துக்குப் பட்டு பார்டர் வைத்தது கொடுக்கவும்.' மூலைக்கு மூலை வசம்புத் துண்டு. ஒரு துணியில்கூட மடிப்புக்கோடு இல்லை.

"இதெல்லாம் எப்ப அத்தை எழுதினீங்க?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே எழுதிரணும்மா. மறுநாள்னா மறந்துரும். கொலு வைக்கிறதுக்கு முன்னாடி வருசா வருசம் மடிப்பை மாத்திப் போட்டுருவேன். பட்டுப் புடவைக்குப் பண்றதுதானே."

நல்லதாகத் தேறிய 38 ஜாக்கெட் பிட்டில் 34 இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. ஹாலில் அத்தனையையும் பரப்பி நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, வீட்டில் ஒழுங்காக இருந்த ஒரே கையிருப்பு அந்தப் பெட்டிதான். ஏழு வருஷமாக அதன்மேல் இஸ்திரிக்குப் போகும் துணியைப் போட்டு வைத்திருந்தேன்.

முதலில் நான் செய்த தப்பு

இதைப் பார்த்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம் வேறு. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஆறு வாங்கினேன். 'பெரியவர்', 'குழந்தை', 'கிரகப்பிரவேசம்', 'பேப்பர்' என்று லேபிள் ஒட்டினேன். அலுவலகப் பழக்கத்தில் கூகுள் ஷீட் ஒன்று திறந்து, பொருள், வந்த தேதி, தந்தவர், மதிப்பு, யாருக்கு என்று பத்துக் கட்டம் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது.

இரண்டு வாரம். அதற்குமேல் ஷீட்டை யாரும் திறக்கவில்லை. விசேஷத்திலிருந்து பையோடு வருகிறவர் அத்தை, அவர் கையில் இருப்பது பட்டன் போன். எடுத்துக் கொடுக்கிறவர் பெரும்பாலும் கணவர், அவருக்கு ஷீட்டின் லிங்க் எங்கே என்றே தெரியாது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் பொருள் உள்ளே வந்திருக்கும், வேறொன்று வெளியே போயிருக்கும். ஷீட் ஒரு கணக்கு காட்டியது, பெட்டி வேறு கணக்கு காட்டியது. அலுவலகத்தில் இப்படி ஒரு பார்ட்டி வந்தால் என்ன சொல்லுவேனோ அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொருள் உள்ளே வரும் வாசலில் யார் நிற்கிறாரோ அவர்தான் பதிவும் எழுத வேண்டும்.

ஆக, நோட்டு. கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுவார்களே, அதே மாதிரி நீளக் கணக்கு நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவில் தேதி, யாரிடமிருந்து, என்ன பொருள், பெட்டி எண். பற்றில் தேதி, யாருக்கு, என்ன விசேஷம், எது. அவ்வளவுதான். மதிப்பு என்ற கட்டத்தை அத்தை வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "வெலை போட்டு வச்சா எடுக்கும்போது அதைத்தாம்மா பார்ப்போம்" என்றார். நோட்டு பீரோக் கதவின் உள்பக்கக் கொக்கியில் தொங்குகிறது, பென்சிலோடு. பொருளை வைக்கக் கதவைத் திறந்தால் நோட்டு முகத்தில் இடிக்கும்.

ஊக்குச் சீட்டு முறையையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். துணி இல்லாத பொருளுக்கு ஊக்குக்குப் பதில் ரப்பர் பேண்ட் போட்டோம். அதிலும் அடி வாங்கினோம். சென்னை வெயிலில் ஒரே கோடையில் ரப்பர் பேண்ட் இளகி, அட்டைப்பெட்டியில் பழுப்புக் கோடாக ஒட்டிக்கொள்கிறது. இப்போது கோயில் மாலையில் வரும் வாழைநாரா தையல் நூலா என்று பார்ப்பதில்லை, கைக்குக் கிடைத்ததில் கட்டிவிடுகிறோம்.

ஒரு விதி மட்டும் நான் போட்டது. பேர் வெட்டிய பாத்திரம் பெட்டிக்குள் நுழையக் கூடாது. வீட்டுக்குள் வந்ததும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்ப்பது இப்போது எங்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். விருந்தாளி எதிரிலேயே மகள் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்து மானத்தை வாங்கினாள்.

தாள் கதை

பரிசைவிடச் சுற்றும் சாமான்தான் அதிக இடத்தை அடைத்திருந்தது, அதிக எரிச்சலையும் தந்தது. 34 தாள்கள் சுருட்டி நிறுத்தி வைத்ததில், கீழ்முனை எல்லாம் நசுங்கி விசிறியாகியிருந்தது. சிலவற்றில் ராமபாணப் பூச்சி ஊசித்துளையாக அரித்திருந்தது. செல்லோ டேப் ஆறு, ஆறிலும் நுனி எங்கே என்று தெரியாது. இரண்டு மஞ்சளாகிப் பசை போய்விட்டது. பயன்படுத்திய கிஃப்ட் பைகள் 27, அதில் பாதியில் எங்கள் பெயர் பேனாவில். துணி மாதிரி தோன்றும் அந்த நான்வோவன் பைகள் ஒரு கட்டு பரணில் இருந்தன. தொட்டதும் பொடியாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டியது. அதுவும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் அந்தப் பைகளும் உண்டு. அதற்கு முன் நடந்த விசேஷங்களில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைகள். இப்போது தாம்பூலத்துக்கு வருவதெல்லாம் மஞ்சப்பை. துவைத்து இஸ்திரி போட்டால் அதுவே ஜாக்கெட் பிட் வைத்துக் கொடுக்க ஆகிறது.

தாள் வாங்கக் கடற்கரை ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து நடந்து, ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகையும் காகிதமுமாக நிறைந்த தெரு. எங்கள் ஏரியா ஸ்டேஷனரியில் ஒரு தாள் 15 ரூபாய். அங்கே 50 தாள் கட்டு 300 ரூபாய்க்குக் கிடைத்தது. தாளுக்கு ஆறு ரூபாய். என்ன புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ரயிலேறினேன். கட்டு முழுக்க ஒரே டிசைன் என்பது வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் மூளைக்கு எட்டியது. ரோஸ் கலரில் பலூன். பலூன் போட்ட தாளில் சஷ்டியப்தபூர்த்திக்கு எப்படிக் கொடுப்பது? கொடுத்தோம். நாலைந்து மாதத்தில், உறவுக்காரர் வீட்டு மேஜையில் இருபது பார்சல் இருந்தாலும், "இது குரோம்பேட்டைக்காரங்களுது" என்று தூரத்திலிருந்தே சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றுவிட்டோம்.

பலூன் தீர்ந்த பிறகு வாங்கியது பிரவுன் ஷீட். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டுக்கு அட்டை போடுவோமே, அதே தாள். வருஷத்துக்கு முப்பது நோட்டுக்கு அட்டை போட்ட கைக்குப் பரிசு சுற்றுவது பெரிய வித்தையா? மூலை மடிக்கும் சூட்சுமம் ஒன்றுதான். அதன்மேல் கட்டும் நாடா மட்டும் மாறும். கல்யாணத்துக்குச் சிவப்பு, குழந்தைக்கு மஞ்சள், சும்மா பார்க்கப் போனால் சணல் கயிறு. பிரவுன் தாளில் ராமபாணம் வராதென்றில்லை. ஆனால் இருபது தாள்தான் கையில் இருக்கும், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், பூச்சிக்கு அவகாசம் கிடைப்பதில்லை. சுருட்டுவதை நிறுத்திவிட்டேன். மெத்தைக்கடியில் தட்டையாக விரித்து வைத்தால் நசுங்காது.

தாளை வெட்டும் கணக்கை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வீணடித்த தாளெல்லாம் இதில்தான் போனது. பெட்டியைச் சுற்றி வரும் திசையில் தாள் எவ்வளவு வேண்டும்? அகலமும் உயரமும் கூட்டி, இரட்டித்து, ஒட்ட மூன்று சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். மற்ற திசையில், நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு. ஒரு டிபன் பாக்ஸ் பெட்டி 18 நீளம், 12 அகலம், 6 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றுவதற்கு 12-உம் 6-உம் 18, இரட்டித்தால் 36, மூன்று சேர்த்து 39. நீளவாக்கில் 18-உம் 9-உம் 27. கடையில் கிடைக்கும் கலர் தாள் ஏறத்தாழ 50-க்கு 70. இப்போது அந்த 39-ஐ தாளின் 50 பக்கத்தில் வைத்தால், 70 பக்கத்தில் 27 இரண்டு தடவை அடங்கும். ஒரு தாளில் இரண்டு பெட்டி. அதே 39-ஐத் தாளின் 70 பக்கத்தில் வைத்தால், 50 பக்கத்தில் 27 ஒரு தடவைதான் அடங்கும். ஒரு தாளுக்கு ஒரு பெட்டி, மீதி கிழிசல். நான் வருஷக்கணக்காக இரண்டாவது மாதிரிதான் வெட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தாளின் நடுவில் வைத்து, தோராயமாக மடித்துப் பார்த்து, 'போதும்போல' என்று கத்தரிப்பது என் வழக்கம்.

செல்லோ டேப்பின் நுனியில் ஒரு தீக்குச்சியை ஒட்டி வைப்பது கணவர் கண்டுபிடிப்பு. இந்த ஆய்வில் அவருடைய பங்களிப்பு அது ஒன்றுதான், அதைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். விலைச் சீட்டு உரிப்பது என் வேலை. எவர்சில்வர், கண்ணாடி என்றால் துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் பசை உருண்டு வந்துவிடும். அட்டைப்பெட்டியில் எண்ணெய் பட்டால் கறை. அதற்கு ஹேர் டிரையரின் சூடு போதும், ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினால் மொத்தமாக வரும். பாதியில் அவசரப்பட்டால் மேல்தாள் மட்டும் கிழிந்து, விலையின் முதல் இரண்டு எண் அப்படியே நிற்கும். முழு விலையும் தெரிவதைவிட அது மோசம்.

எப்போது வாங்குவது

முதல் வருஷம் செலவு ஏறியது. ஒழுங்குபடுத்தினால் பணம் மிச்சமாகும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். ஆனால் காலிப் பெட்டியைப் பார்த்தால் நிரப்பத் தோன்றுகிறது. 'எப்படியும் ஆகுமே' என்ற இரண்டு சொல்லுக்கு ஆடித் தள்ளுபடியில் பெரிய பலம். மேலே சொன்ன டிபன் பாக்ஸைப் பத்து வாங்கினேன், எல்லாம் நீலம். அடுத்த மூன்று மாதத்தில் ஒரே அபார்ட்மென்டில் மூன்று குழந்தைகளின் பிறந்தநாள். மூவருக்கும் அதுதான். மூவரும் ஒரே ஸ்கூல் வேன். ஒருநாள் பாக்ஸ் மாறிப்போய், லெமன் சாதக்காரன் பிரியாணி சாப்பிட்டிருக்கிறான். சுத்த சைவக் குடும்பம். அவன் அம்மா என்னிடம் பேச ஒரு மாதம் ஆனது. பையனுக்கு என்மேல் இன்றுவரை தனிப் பிரியம்.

அதற்குப் பிறகு வந்த விதி: ஒரே பொருள் இரண்டுக்குமேல் வாங்கக் கூடாது, பெட்டியில் ஜாக்கெட் பிட் நீங்கலாகப் பதினைந்துக்குமேல் இருக்கக் கூடாது. ஆறு பிளாஸ்டிக் பெட்டி இரண்டாகக் குறைந்தது. மீதி நான்கில் அத்தை அரிசியும் பருப்பும் போட்டு வைத்திருக்கிறார்.

எப்போது பார்த்து வாங்குவது என்பதற்கு ரொம்ப யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி இந்த மூன்று மாதங்களிலும் எங்கள் உறவில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் வைக்க மாட்டார்கள். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள், புரட்டாசி முடிந்தால் ஐப்பசி, மார்கழி முடிந்தால் தை. கூட்டம் வருமுன் கடையைச் சரிபார்க்க நாள்காட்டியே மூன்று இடைவேளை விட்டிருக்கிறது. ஆடியில் பெட்டியைத் திறந்து எண்ணுகிறோம். புரட்டாசியில் கொலுவுக்கான தாம்பூலச் சாமான், வளையல், சீப்பு, கண்ணாடி, மஞ்சள் குங்குமச் சிமிழ். மார்கழியில் தை முகூர்த்தங்களுக்கு. இந்த மூன்று தடவை தவிர மற்ற நாளில் 'ஸ்டாக்குக்கு' என்று எதையும் வாங்குவதில்லை.

எதைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. சாக்லேட் கூடாது. மே மாதம் இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூத்துவிடும், சாப்பிடலாம்தான், கொடுக்க முடியாது. ஸ்கெட்ச் பேனா காய்ந்துவிடும், கலர் பென்சிலுக்கு ஒன்றும் ஆகாது. அளவு பார்த்துப் போடும் துணி எதுவும் வேண்டாம், குழந்தைகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. பேட்டரி போட்டு வரும் எதையும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வைப்பது.

இன்னொரு சின்னப் பெட்டி, சாக்லேட் டின் ஒன்று, மொய்க்கு. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர் பத்து, சலவை நோட்டாக ஐந்நூறும் நூறும் கொஞ்சம், ஒரு பேனா. அன்பளிப்புகளைத் தவிர்க்கவும் என்று பத்திரிகையிலேயே அச்சடிப்பது பெருகிவிட்டதால், இந்த டின்தான் இப்போது அதிகம் திறக்கப்படுகிறது. பேனா எதற்கென்றால், கவரில் பெயர் எழுதாமல் மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு வந்த அனுபவம் உண்டு. அந்த ஆயிரத்தொரு ரூபாய் யாருடையது என்று அந்த வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு

ஆடிக்கு ஆடி கணக்குப் பார்க்கிறேன், மொய் நீங்கலாக. 2022 ஆடியிலிருந்து 2023 ஆடி வரை, ஜிபே வரலாற்றையும் பழைய பத்திரிகைகளையும் வைத்துத் திரட்டியதில், 41 விசேஷம். அதில் 26-க்குக் கடைசி நேர ஓட்டம். செலவு 27,600 ரூபாய். அடுத்த வருஷம் 38 விசேஷம், கடைசி நேர ஓட்டம் 11, செலவு 33,900. நீல டிபன் பாக்ஸ் வருஷம் அதுதான். 2024–25-இல் 37 விசேஷம், கடைசி நேர ஓட்டம் 6, செலவு 19,200. இந்த ஆடியில் எண்ணியபோது பெட்டியில் 14 பொருள். பதினான்கையும் மனசாரக் கொடுப்பேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளையார் இன்னும் நான்கு இருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தாலும் "எங்க வீட்லயே ஏழு இருக்கு" என்கிறார்கள். நோட்டில் கணவர் எழுதிய வரிகளை அவராலேயே படிக்க முடிவதில்லை. பற்றுப் பக்கம் எழுத மறப்பது இன்னும் நடக்கிறது, அதில் நானும் சேர்த்தி. அப்புறம், இந்த முறை நடக்கிறதென்றால் அதில் பாதி அத்தையின் ஞாபகத்தில் நடக்கிறது. 1987-இல் தன் கல்யாணத்துக்கு யார் ஜோடிக் குத்துவிளக்கு வைத்தார், யார் பதினொரு ரூபாய் வைத்தார் என்பதை மொய் நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். அந்த ஞாபகத்தை நோட்டில் இறக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். இதுவரை 46 குடும்பம் ஆகியிருக்கிறது. பரிசைவிடக் கிளைக்கதைதான் அதிகம் வருகிறது, யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை என்பது உட்பட. அதையும் எழுதிக்கொள்கிறாள்.

போன தீபாவளிக்கு, பழைய மாடி வீட்டு அக்கா பலகாரம் கொடுத்து அனுப்பியிருந்தார். முள்ளு முறுக்கு, நிறைய. வந்த டப்பாவை வழக்கம்போல மகள் கவிழ்க்கப் போக, முறுக்கு கொட்டிவிடும் என்று நான் பதறிப் பிடித்தேன். தட்டில் கொட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தோம். அடியில் சித்தப்பா பெயர், 12.6.2016.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து, நோட்டை இறக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரவுப் பக்கத்தில் எழுதினார்: 'சம்படம் 1. பேர் வெட்டியது. முறுக்குடன்.'